முள் சொன்ன நாற்பத்தைந்து

தரணேந்திர நயினார் பொய் சொல்லமாட்டார். டாக்சி டிரைவர் ஜான் பாஷாவுக்கு வந்த ஆபத்தே அதுதான்.

பொய்ச் சாட்சியாக இருந்தால் வக்கீல் பார்த்துக்கொள்வார். நான்கு குறுக்குக் கேள்வி கேட்டால் ஐந்தாவதில் ஆள் உளறிவிடுவான். ஆனால் மேல்சித்தாமூர் நயினார் கூண்டில் ஏறி, "நான் பார்த்தபோது முள் நாற்பத்தைந்தில் இருந்தது" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். செஞ்சி தாலுகாவில் அதை நம்பாத ஆள் கிடையாது. கடைத்தெருவில் அவருடைய மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தராசில் ஏறும்போது எதிரில் நிற்கிற குடியானவன் தராசைப் பார்ப்பதில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பான்.

ஜான் பாஷாவும் நம்பினான். வேடிக்கை அங்கேதான் இருந்தது. காரை ஓட்டியவன் அவன். அவன் காலுக்குத் தெரியாத வேகம் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் நயினார் சொன்னார் என்றதும் அவன் தன் காலைச் சந்தேகப்பட்டான்.

கோர்ட்டுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. குற்றம் உறுதியானால் லைசென்ஸ் போய்விடும். பதினாறு வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை அது.

*

நடந்தது இதுதான்.

1966 டிசம்பர் இருபதாம் தேதி. ரம்ஜான் நோன்பு தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதுச்சேரியில் ஒரு எண்ணெய் மில்லில் நயினாருக்கு வேலை. காலையில் ஜான் பாஷாவின் கறுப்புக் காரை அமர்த்திக்கொண்டு போனார். திரும்பும்போது புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

நயினார் ஜைனர். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். அன்று பஞ்சாங்கப்படி சூரியன் மறைவது ஐந்து ஐம்பதுக்கு. அதற்குள் வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாப்பிட்டு எழுந்துவிட வேண்டும். அதனால் பின் சீட்டில் சாய்ந்து உட்காராமல் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேகம் காட்டும் முள்ளின் மேலேயே கண்ணை வைத்திருந்தார். முள் நாற்பத்தைந்தில் நின்றது. நாற்பத்தைந்து மைல் வேகம் என்றால் நாலு நிமிஷத்துக்கு மூன்று மைல். ஊருக்குத் திரும்பும் கிளைப்பாதை முப்பத்தாறாவது மைலில். நாற்பத்தெட்டு நிமிஷம். ஐந்து முப்பத்து மூன்றுக்குக் கிளைப்பாதை, மண் ரோட்டில் பத்து நிமிஷம், ஐந்து நாற்பத்து மூன்றுக்கு வீடு. ஏழு நிமிஷத்தில் நாலு இட்லி தாராளம்.

ஜான் பாஷாவுக்கும் அதே சூரியன்மேல்தான் கண். அவன் நோன்பாளி. அது மறைந்த பிறகுதான் அவன் வாயில் தண்ணீர் படலாம். நயினார் இதைச் சொல்லிச் சிரித்தார். "நீ அது போவுட்டும்னு பாக்கறே, நான் நிக்கட்டும்னு பாக்கறேன். அது யார் பேச்ச கேக்கும்னு தெரியல" என்றார். பிறகு முள்ளைக் காட்டி, வேகம் போதும், அவசரப்பட வேண்டாம், நேரம் இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஆனால் நேரம் இருக்கவில்லை. கிளைப்பாதை வருவதற்கு ஒரு மைல் முன்னாலேயே மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

நயினார் அலுத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

"எனக்கு இன்னிக்கு சாப்பாடு இல்லே. உனக்கு வேளை வந்துடுச்சி, நிறுத்திட்டு எதனா வாயில போடு பாஷா."

"திருப்பத்துல நிறுத்தறேன் ஐயா. ரெண்டு நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அது நடந்தது. வளைவில் எதிரே ஒரு கட்டை வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னாலிருந்து தலையில் மல்லாட்டைக் கொடிக் கட்டோடு ஒரு பெண் சட்டென்று ரோட்டின் குறுக்கே வந்தாள். ஜான் பாஷா பிரேக்கை மிதித்தான். கார் கீறிக்கொண்டே போய், நிற்கப் போகிற கடைசி நொடியில் அவளை இடித்துத் தள்ளியது. கொடிக் கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

டிரைவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் ஓடிவிடுவதுண்டு. அடிக்கு ஓடுகிறவன் உண்டு, பயத்துக்கு ஓடுகிறவன் உண்டு. ஜான் பாஷா ஓடவில்லை. அதற்கு அவனுடைய நல்ல மனசு ஒரு காரணம். இன்னொரு காரணம் நயினார். அவன் கதவைத் திறப்பதற்குள் அவர் கீழே இறங்கி, மேல் துண்டை இரண்டாகக் கிழித்து, ரோட்டோரம் கிடந்த கரும்புத் துண்டு ஒன்றை வைத்து அந்தப் பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். செஞ்சி ஆஸ்பத்திரி வரை அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "உயிருக்குப் பயமில்லை, கால் எலும்புதான் முறிந்திருக்கிறது" என்று டாக்டர் சொல்லும்வரை வெறும் வயிற்றோடு வராந்தாவில் நின்றார். நடுவில் ஒரு தம்ளர் தண்ணீரும் இரண்டு பேரீச்சம்பழமும் எங்கிருந்தோ வாங்கி வந்து ஜான் பாஷாவின் கையில் திணித்தார். நோன்பு திறக்க வேண்டும் என்பதையே ஜான் பாஷா மறந்திருந்தான்.

அந்தத் தண்ணீரை அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். சாட்சி சொல்லப் போகிறவர் அவர்தான் என்று தெரிந்த பிறகும், அவரைப் பற்றி ஸ்டாண்டில் யாராவது ஒரு மாதிரி பேசினால் அவன் எழுந்து போய்விடுவான்.

*

ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டபோது, வழக்கமாக வருகிற வேகம்தான் என்று ஜான் பாஷா சொன்னான். அவனுக்கு முள்ளைப் பார்க்கும் பழக்கம் இல்லை. பதினாறு வருஷத்தில் முக்கால்வாசி லாரியில் கழிந்தது. எந்த லாரியில் முள் ஆடியது? என்ஜின் சத்தமும் காலின் அழுத்தமும்தான் அவனுக்கு மீட்டர். இந்தக் கார் கைக்கு வந்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. மெட்ராசில் வாங்கிய பழைய வண்டி.

நயினாரிடம் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னார். எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். வளைவு, பக்கத்தில் ஊர், அந்தி நேரம், நாற்பத்தைந்து மைல். லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள்.

மறுநாளே கடைத்தெருவில் கதை முழுசாகத் தயாராகிவிட்டது. நோன்பு திறக்க நேரமாகிவிட்டதென்று டிரைவர் பறந்திருக்கிறான். பசி கண்ணை மறைத்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாவம் என்றுதான் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு ஜான் பாஷாவுக்கே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. நாலாம் நாள் மனைவி மெஹர் பானுவிடம் சொல்லியும்விட்டான்.

"நான்தான் வேகமா வந்திருக்கேன். எனக்கே தெரியாம மிதிச்சிருக்கேன்."

"உங்க காலு உங்களுக்குத் தெரியாம எங்க போச்சி?"

"நயினாரு பொய் சொல்வாரா?"

அதன் பிறகு அவன் வீட்டுக்குள் நடக்கும்போதுகூடத் தன் பாதத்தைப் பார்த்தே நடந்தான் என்று அவள் பின்னாளில் சொல்வாள்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனான். அடிபட்டவள் பெயர் அம்மாக்கண்ணு. அனந்தபுரத்துக்காரி, மகள் வீட்டுக்கு வந்து கொல்லை வேலை செய்துகொண்டிருந்தவள். ஐம்பது வயசிருக்கும். கால் மாவுக்கட்டில், வாய் மட்டும் சுதந்திரமாக. பன்னும் பாலும் கொண்டுபோனால், "இன்னாயா டிரைவரு, இடிச்சவனே வந்து ஊட்டற கதைய எங்கனா கேட்டிருக்கிறியா நீ?" என்று பக்கத்துக் கட்டில்காரிக்கும் சேர்த்துச் சத்தமாகக் கேட்பாள். பிறகு, வண்டியை விட்டுவிட்டு ஓடாமல் தூக்கிக்கொண்டு வந்தாயே, நீ நல்லா இருக்கணும் என்பாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாள். அந்த வாழ்த்து அவனுக்கு மாவுக்கட்டைவிடக் கனமாக இருந்தது.

வக்கீல் ஒரு வழி சொன்னார். நயினாரைப் போய்ப் பார். சரியாகப் பார்க்கவில்லை, இருட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். அவ்வளவுதான்.

ஜான் பாஷா மேல்சித்தாமூருக்குப் போனான். ஆனால் அதைக் கேட்கப் போகவில்லை.

*

நயினார் களத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்டில் நானே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நீங்கள் கூண்டு ஏற வேண்டியிருக்காது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றான் ஜான் பாஷா. அன்றைக்கு அந்த அம்மாவுக்கும் தனக்கும் செய்ததற்கு இதையாவது செய்கிறேன் என்றும் சொன்னான்.

நயினார் கிளறுவதை நிறுத்தினார். தான் பார்த்தது ஒரு மனிதனைச் சாய்க்கிறது என்பது அவரையும் தூங்கவிடவில்லை போலிருந்தது. பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று நினைப்பதாகச் சொன்னார். முள்ளைப் பார்த்து என்ன பிரயோஜனம், சாப்பாடும் போயிற்று, உன் பிழைப்பும் போகிறது என்றார்.

"நேரத்த நல்லா கணக்கு போட்டேன் பாஷா. அஞ்சு முப்பத்து மூணுக்கு திருப்பத்துல இருக்கணும். இல்லியே. என் கடியாரம் பதினேழு நிமிஷம் முன்னால ஓடியிருக்குது, சனியன். மறுநாளே சைபுதீன்கிட்ட ரிப்பேருக்கு குடுத்துட்டேன். போற வழியில வாங்கிக்கினு வந்து மண்டியில குடுத்துடு."

சூரியன் மறைந்ததை அவரே கண்ணால் பார்த்தார் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மலை மறைத்திருக்கும் என்று அவர் நினைத்தார். அவர் நினைத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று இவன் நினைத்தான்.

*

சைபுதீன் கடிகாரக் கடை பஜார் முனையில் இருந்தது. பீரோ அகலம்தான் இருக்கும். நோன்பு மாதத்தில் அந்தக் கடைக்குத் தனி மரியாதை. ரேடியோ மணியோடு ஒத்துவைத்த கடிகாரம் அங்கேதான் ஓடும். அதைப் பார்த்துத்தான் பள்ளிவாசலில் நோன்பு திறக்க நகரா முரசு அடிப்பார்கள்.

சைபுதீன் ஒற்றைக் கண்ணில் பொருத்தியிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நயினாரின் கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்தார்.

"இதுக்கு ஒண்ணும் இல்லே. எடுத்துக்கினு போ."

"சரி பண்ணிட்டீங்களா பாய்?"

"இன்னாத்த சரி பண்றது? தொறக்கவே இல்லடா. பதிமூணு நாளா ரேடியோகூட வச்சிப் பாக்கறேன், அரை நிமிஷம் தப்பல. முந்தாநாளு எங்க கடியாரத்துக்கு சாவி குடுக்க மறந்துட்டேன். இதப் பாத்துதான் நகராவே அடிச்சாங்க. ஊரே நோன்பு தொறந்துச்சி."

ஜான் பாஷா கடிகாரத்தை எடுத்துப் பையில் போட்டான். கடைப் படி இறங்கினான். மறுபடி ஏறினான்.

பதினேழு நிமிஷம் முன்னால் ஓடவில்லை என்றால், அந்தப் பதினேழு நிமிஷம் எங்கே போயிற்று?

விஷயத்தைக் கேட்டதும் சைபுதீன் ஒரு காகிதத்தைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தார். நாலே முக்கால். ஐந்து ஐம்பது. அறுபத்தைந்து நிமிஷம். அதற்குள் முப்பத்தைந்து மைல். வழியில் எங்கேயாவது நின்றீர்களா என்று கேட்டார். இல்லை, திண்டிவனத்தில் ரயில்வே கேட்கூடத் திறந்திருந்தது. எங்கேயாவது மெதுவாக வந்தாயா என்று கேட்டார். இல்லை, ஒரே சீராகத்தான் வந்தேன். பென்சில் ஓடியது. சைபுதீன் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

மணிக்கு முப்பத்திரண்டு மைல்.

"கடியாரம் சரி. சூரியனும் சரி. மூணாவது யாரு?"

"நயினாரு."

"அவரு பொய் சொல்லமாட்டாரு."

"மாட்டாரு."

இரண்டு பேரும் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஜாரில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அவரு பாத்தத சொன்னாரு," என்றார் சைபுதீன் மெதுவாக. "முள்ளு எந்தக் கோயில்லடா சத்தியம் பண்ணிச்சி?"

அந்த மாதிரி மீட்டர் ஒன்றை அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். கியர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி சுற்றிக்கொண்டு வருகிறது. அதன் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. அது ஒரு மெல்லிய அலுமினியக் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது. கடிகாரத்தில் இருப்பதுபோல மயிரிழை ஸ்பிரிங் ஒன்று, விடமாட்டேன் என்று பிடிக்கிறது. இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்புகிறதோ அதுதான் முள். ஸ்பிரிங் தளர்ந்தால் முள் கூடுதலாகக் காட்டும். காந்தம் சோர்ந்தால் குறைவாகக் காட்டும். டயர் தேய்ந்தால் சக்கரம் சின்னதாகி அதிகம் சுற்றும், முள்ளும் ஏறும். ஆனால் இதெல்லாம் இரண்டு மைல், மூன்று மைல் சமாசாரம். பதிமூன்று மைல் கூட்டிக் காட்ட வேண்டுமென்றால் ஆதாரத்திலேயே எதுவோ மாறியிருக்க வேண்டும்.

திடீரென்று சைபுதீன் சிரித்தார். வண்டி கேலனுக்கு நாற்பது மைல் கொடுக்கிறதென்று நீ ஸ்டாண்டில் பீற்றிக்கொள்ளவில்லையா என்று கேட்டார். இந்த ஊரில் எந்தக் கார் நாற்பது கொடுக்கிறது? மைல் எண்ணும் சக்கரமும் அதே பெட்டிக்குள்தானே இருக்கிறது? அதுவும் கூட்டித்தானே எண்ணியிருக்கும்?

ஜான் பாஷா பையிலிருந்த கடிகாரத்தை வெளியே எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

*

அவன் மண்டிக்கு ஓடினான். நயினார் ஊரிலிருந்து வந்து சேரும்வரை அங்கேயே காத்திருந்தான். காகிதத்தைப் படித்ததும் அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டிக்கொள்ளாமல் கிளம்பினார்.

விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கிறவர் தனசேகரன். எல்லாரும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். கறாரான ஆள். நாளைக்குக் கோர்ட், இன்றைக்கு வந்து முள் பொய் சொல்கிறது என்றால் எந்த மாஜிஸ்ட்ரேட் நம்புவார் என்று கேட்டார். அந்த மீட்டரை இடையில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஜான் பாஷா வாசல் பக்கம் திரும்பிவிட்டான். நயினார் மட்டும் நகரவில்லை.

"நான் பாத்தது நிஜம் சார். நாளைக்கும் அதத்தான் சொல்லப்போறேன். நான் பாத்தது இன்னான்னு எனக்குத் தெரியணும். நீங்க நம்ப வேணாம், ஓட்டிப் பாருங்க."

தனசேகரன் தன் ஃபைலைப் புரட்டினார். விபத்துக்கு மறுநாள் வண்டியைப் பார்த்தபோது மீட்டரில் ஓடியிருந்த மைலைக் குறித்திருந்தார். ஐம்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அவர் ஜான் பாஷாவின் கொட்டகைக்குப் போய்க் கார் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். ஐம்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினைந்து. ஸ்டேஷனிலிருந்து கொட்டகைக்கு வந்த தூரம். மீட்டரைப் பிடித்திருந்த திருகாணிகளில் பழைய துரு அப்படியே பூத்திருந்தது. அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

திண்டிவனம் ரோடு. அதே மைல் கற்கள். தனசேகரன் ஓட்ட, நயினார் அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். ஜான் பாஷா பின் சீட்டில். தன் காரில் பின் சீட்டில் உட்கார்வது அவனுக்கு அதுவே முதல் தடவை.

முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. தனசேகரன் காலை அசைக்காமல் பிடித்தார். ஒரு மைல் கல் கடந்தது. நயினார் விநாடி முள்ளை எண்ணத் தொடங்கினார்.

உண்மையிலேயே நாற்பத்தைந்து என்றால் அடுத்த கல் எண்பது விநாடியில் வர வேண்டும்.

எண்பது. கல்லைக் காணவில்லை. தொண்ணூறு. புளியமரங்கள் நிதானமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நூறு. பின் சீட்டிலிருந்து ஜான் பாஷா முன்னால் எட்டிப் பார்த்தான். நூற்றுப் பத்து.

நூற்றுப் பன்னிரண்டாவது விநாடியில் கல் வந்தது.

தனசேகரன் வண்டியைத் திருப்பி மறுபடி ஓட்டினார். நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் தடவை நூற்றுப் பதிமூன்று. பிறகு ஓரமாக நிறுத்தி, நயினாரை இறக்கிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தார். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது முள் இரண்டு கோடு தள்ளித்தான் தெரிந்தது. அது பதிமூன்று மைலுக்குப் போதாது என்றாலும் அதையும் எழுதிக்கொண்டார். மீட்டரைக் கழற்றினார். கம்பியின் முனையில் ஒரு நூலைக் கட்டி, காரைத் தள்ளச் சொல்லி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றுவதற்குள் கம்பி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணினார். மைலுக்கு ஆயிரத்து நானூறு சுற்று வந்தது. மீட்டரின் முகத்தில், கீழே, எறும்பு எழுத்தில் ஒரு எண் அச்சாகியிருந்தது. ஆயிரம்.

வேறு ஏதோ வண்டியின் மீட்டர். ஆயிரம் சுற்றை ஒரு மைல் என்று எண்ணுவதற்காகச் செய்தது. பழைய சொந்தக்காரர் யாரோ, உடைந்ததற்குப் பதிலாகக் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறார். துளையில் சரியாகப் பொருந்தியது. முள்ளும் ஆடியது. அதற்கு மேல் யார் கேட்பார்கள்?

"புது வண்டியிலயே முள்ளு ஒரு சொட்டு கூடத்தான் காட்டும் நயினாரே, ஆள் பயந்து ஓட்டட்டும்னு," என்றார் தனசேகரன். "ஆனா இது அந்தக் கதை இல்லே." கொஞ்ச நேரம் கழித்துச் சங்கடத்தோடு இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு ரோட்டில் டயர் கீறிய கோட்டை அவர் அளந்திருந்தார். ஐம்பது அடி. நாற்பத்தைந்து மைல் வேகத்துக்கு அது பாதிதான். ஆனாலும் நயினார் சொல்லிவிட்டாரே என்று, பிரேக் மிக நன்று என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

*

கோர்ட்டில் நயினார் கூண்டில் நின்றார். முள் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். நாற்பத்தைந்தில் என்றார். அப்படியானால் கார் நாற்பத்தைந்து மைல் வேகத்தில் போயிற்று, அப்படித்தானே என்றார் அரசு வக்கீல்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் முள்ளத்தான் பாத்தேன்."

பிறகு தனசேகரன் ஏறினார். மூன்று ஓட்டம், ஒரு மீட்டர், ஐம்பது அடிக் கோடு. கட்டை வண்டிக்குப் பின்னாலிருந்து பார்க்காமல் வந்தது தான்தான் என்று ஆஸ்பத்திரியில் அம்மாக்கண்ணு கொடுத்திருந்த வாக்குமூலத்தையும் படித்தார்கள். நல்ல சாலையில் முப்பத்திரண்டு மைல் கண்மூடித்தனமான வேகம் ஆகாது என்றார் மாஜிஸ்ட்ரேட். சாயங்காலத்துக்குள் லைசென்ஸ் ஜான் பாஷாவின் சட்டைப் பையில் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் நயினாரின் காலைத் தொடக் குனிந்தான். அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். லைசென்ஸுக்காக இல்லை ஐயா, என்று தொடங்கி, பதினைந்து நாளாக என் காலையே நான் நம்பவில்லை, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தான்.

நயினாருக்குக் கண் கலங்கியிருந்தது.

"நீ ஒப்புத்துக்கறேன்னு வந்து நின்னியே, அன்னைக்கே எனக்கு நெஞ்சில முள்ளு தச்சிடுச்சி. நீ மட்டும் அந்தக் கடியாரத்த வாங்கப் போகலேன்னா நான் சத்தியம் பண்ணி ஒரு தப்பு பண்ணாத ஆளை உள்ள தள்ளியிருப்பேன். கும்பிட வேண்டியது நான்தான்டா, பாஷா."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் இதைப் பற்றியே தகராறு செய்தார்கள். சைபுதீனுக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

ஜான் பாஷா நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். அம்மாக்கண்ணு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னான். மீட்டர், கம்பி, ஆயிரம் சுற்று, ஆயிரத்து நானூறு சுற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். உன் வாக்குமூலத்தால்தான் தப்பினேன் அம்மா என்று அவன் கை கூப்பியபோது அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சரிய்யா. நாப்பத்தஞ்சு இல்லே, முப்பத்திரண்டு. அந்த வளைவுல இன்னும் கொஞ்சம் மெதுவா வந்திருக்கக் கூடாதா நீ?"

பக்கத்துக் கட்டில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜான் பாஷா கோபப்படவில்லை. பதினைந்து நாளாக அவன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பெரிய பாறையைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அவன் அளவுக்குச் சரியான ஒரு கல்லை வைத்தாள் அவள். அதை அவனால் சுமக்க முடியும். அதற்கும் அவனுக்கு நன்றிதான் தோன்றியது.

"வந்திருக்கலாம்மா," என்றான். "இருபதுல வந்திருக்கலாம்."

"ம். இனிமே வா." அம்மாக்கண்ணு போர்வையை ஒதுக்கினாள். "டாக்டரு இன்னிக்கு எழுந்து நிக்க சொல்லிக்கிறாரு. புடி, கைய குடு."

அவன் கையைக் கொடுத்தான்.